குளவிப் பெட்டியில் இரண்டு கோடு

மார்ச் 3

துணை இயக்குநர், பயிர்ப் பாதுகாப்புப் பிரிவு, தலைமை அலுவலகம்.

ஐயா,

தங்கள் ஆணை கிடைத்தது. எங்கள் நிலையத்தில் வளரும் குளவிகள் அனைத்தையும் மார்ச் 31-க்குள் அழித்துவிட்டு, வளர்ப்பு அறையை மருந்து டப்பாக்கள் அடுக்குவதற்கு ஒப்படைக்கும்படி அதில் கண்டிருக்கிறது. அழிக்க முடியாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பணிவு இத்தோடு முடிந்தது. இனி என் தம்பிக்கு எழுதுகிறேன்.

கவரைப் பிரித்தது கண்ணாடிதான். போன வருஷம் வந்தபோது பார்த்திருப்பாய், தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, எள்ளில் பாதிகூட இல்லாத குளவியில் ஆண் எது பெண் எது என்று கண்ணிமைக்காமல் பிரிப்பாளே, அவள். படித்துவிட்டு என் மேஜையில் வைத்தாள். "அக்கா, இந்த வால் நீட்டின கையெழுத்து உங்க வீட்டு ஆளுதுதானே?" என்று கேட்டாள். எனக்கு மானம் போய்விட்டது. ஏழாம் வகுப்பில் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீ பழகிய கையெழுத்து அது. இதற்குத்தானா பழகினாய்?

உனக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் ஆணை போடுகிற கைக்கு ஞாபக மறதி அதிகம், அதனால் சொல்கிறேன். மரவள்ளியில் விழுந்திருக்கிற மாவுப்பூச்சி நம் ஊர்ப் பூச்சி இல்லை. எங்கிருந்தோ வந்தது, தன் எதிரியை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. கேட்க ஆளில்லாத வீட்டில் நுழைந்த மாதிரி நான்கு வருஷத்தில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. அந்த எதிரியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்ததுதான் இந்தக் குளவி. மாவுப்பூச்சியின் உடம்பில் முட்டை போடும். புழு உள்ளேயே தின்று வளரும். பூச்சி பழுப்புக் கூடாக உப்பிச் செத்துப்போகும், மூன்று வாரத்தில் கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். வந்து இறங்கியது முந்நூற்றுப் பன்னிரண்டு. பயணத்தில் செத்ததுபோக மிஞ்சியது நூற்றுத் தொண்ணூறு. இன்று நம் நாட்டில் இது வளர்கிற ஒரே இடம் என் அறை. இங்கே அழித்துவிட்டு வயலிலும் மருந்தடித்தால் திரும்பக் கிடைக்காது.

மேற்குப் பிரிவில் ஆகஸ்டில் நாற்பது பெட்டி விட்டும் அக்டோபர் கணக்கெடுப்பில் ஒன்றுகூட அகப்படவில்லை, ஆகவே இது உதவாத குளவி என்று ஆணை சொல்கிறது. என் மாவட்டத்தில் நூறு கொழுந்து எடுத்தால் அறுபதில் பழுப்புக் கூடு இருக்கிறது. அதை 'சொந்த நிலையத்தின் கணக்கு, ஏற்பதற்கில்லை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாய்.

போன் செய்யாதே. போனில் நீ "பாக்கலாம்க்கா" என்பாய், பிறகு பார்க்க மாட்டாய். எழுதினால்தான் உங்களுக்குக் காது கேட்கும், அதனால் எழுத்திலேயே பதில் போடு.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்லவேளை, என் பெயருக்கு என்று உறைமேல் எழுதியிருந்ததால் தபால் பிரிவில் பிரிக்கவில்லை. இனி வீட்டு முகவரிக்கே எழுது.

முடிவு எடுத்தது நான் இல்லை. குழுவில் விவாதிக்கப்பட்டது, இயக்குநரால் ஒப்புதல் வழங்கப்பட்டது, என் மேஜைக்குக் கையெழுத்துக்காக அனுப்பப்பட்டது. நான் போடவில்லை என்றால் பக்கத்து மேஜைக்காரர் போட்டிருப்பார். ஏப்ரல் பதினெட்டு அன்று கடைசிக் கூட்டம். அதில் திட்டம் முறைப்படி முடித்துவைக்கப்படும். அதற்குப் பிறகு நாடு முழுக்க லாரி வைத்து மருந்தடிப்பு. விவசாயிகளும் அதைத்தான் கேட்கிறார்கள். குளவிக்கு ஒரு பருவம் காத்திருக்க வேண்டும், மருந்துக்கு ஒரு நாள் போதும். அவர்கள் இடத்தில் இருந்து பார்.

பூஜ்யம் என்பது பூஜ்யம்தான் அக்கா. ஆறு ஊரில் எண்ணினார்கள். எண்ணியவர்கள் உனக்கும் வேண்டாதவர்கள் இல்லை, எனக்கும் வேண்டியவர்கள் இல்லை.

உனக்கு ஒரு குறையும் வராது. இங்கே தலைமை அலுவலகத்தில் நூலகப் பொறுப்பு காலியாக இருக்கிறது, உன் பெயரைச் சொல்லிவைத்திருக்கிறேன். அம்மாவும் உன்னைப் பார்த்து எட்டு மாதமாகிறது என்று தினமும் என்னைத்தான் பிடுங்குகிறாள். சத்தம் போடாமல் முடித்துவிட்டு வந்து சேர்.

இன்னொன்று. மேற்குப் பிரிவிலிருந்து திரும்பி வந்த அந்த நாற்பது பெட்டியும் உன் ஸ்டோரில்தான் கிடக்கும் என்று நினைக்கிறேன். குளவிகளை அழிக்கும்போது அவற்றையும் சேர்த்து எரித்துவிடு. இடத்தை அடைத்துக்கொண்டு எதற்கு?

தம்பி


மார்ச் 14

தம்பி,

பதினைந்து வருஷ வேலையில் ஒரு நாற்காலி உடைந்ததற்குக்கூடக் கவலைப்படாதவன் நீ. என் ஸ்டோரில் பழைய அட்டைப் பெட்டி இடத்தை அடைப்பது உனக்கு ஏன் உறுத்துகிறது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே போய் சாவியைத் திருப்பினேன்.

திரும்பி வந்த நாளிலிருந்து யாரும் பிரிக்கவில்லை. நானும் பிரிக்கவில்லை, அது என் தப்பு. காலிப் பெட்டி என்று நினைத்துவிட்டேன். ஒன்றைத் திறந்தேன். பக்கத்தில் கண்ணாடி பூதக்கண்ணாடியோடு நின்றாள். வயலில் கட்டி அவிழ்த்த குழாய்கள் கயிறோடு வரிசையாக இருந்தன. உள்ளே குளவிக்கு உணவாகத் தேன் தடவிய காகிதத் துண்டு. அதன்மேலேயே குளவிகள் ஒட்டிக்கொண்டு செத்திருந்தன. குழாயின் வாயில் ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டிருந்த வலைத்துணிமேல் வெள்ளைத் தூள். பெட்டியின் உள்சுவரைச் சுற்றி, மூடியைச் சுற்றி, சாக்பீஸ் கோடு. ஒன்று இல்லை, இரண்டு. மூலையில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகிற இரண்டு கோடு.

கண்ணாடி முகர்ந்து பார்த்தாள். "எறும்பு சாக்பீஸ்க்கா" என்றாள். "பூச்சி மருந்து கலந்தது. எறும்பே தாண்டாது, இது எப்பிடி தாங்கும்?"

அம்மா சர்க்கரை டப்பாவைச் சுற்றி அப்படித்தான் போடுவாள், மூலையை வெட்டிக்கொண்டு இரண்டு கோடு. உலகத்தில் வேறு யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை, அவளையும் அவள் பிள்ளையையும் தவிர.

நாற்பதையும் திறந்தோம். நாற்பதிலும் கோடு.

ஆக, மேற்குப் பிரிவில் குளவி நிலைக்காமல் போகவில்லை. மேற்குப் பிரிவுக்குக் குளவியே போய்ச் சேரவில்லை. செத்த குளவியைக் கொண்டுபோய் வயலில் கட்டிவிட்டு, இரண்டு மாதம் கழித்து அதே வயலில் உயிரோடு தேடினார்கள். பூஜ்யம் வராமல் என்ன வரும்? அந்தப் பூஜ்யத்தை வைத்துக்கொண்டு இப்போது மிச்சத்தையும் கொல்லச் சொல்லி எனக்கே ஆணை அனுப்புகிறாய். அதையும் எரித்துவிடு, இதையும் எரித்துவிடு என்று பொடி வைத்து எழுதுகிறாய்.

எனக்கு வருகிற கோபத்துக்கு நேரே வந்து உன்னைக் கன்னத்தில் அறையலாம் போலிருக்கிறது. எட்டு வயதில் அறைந்தேன், ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு இப்போதுதான் கை துறுதுறுக்கிறது.

கோடு போட்டது நீயா, இல்லையா? 'போடப்பட்டது' என்று எழுதாதே. நேரே எழுது.

அக்கா


மார்ச் 20

அக்கா,

நான்தான்.

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். பூசி மெழுகினால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

ஆகஸ்டில் பெட்டிகளை வாங்க நானே வண்டியில் வந்தேன், நினைவிருக்கிறதா? ஏற்றும்போது நீ என்ன சொன்னாய்? "தேன் வாசத்துக்கு எறும்பு ஏறும். ஒரு எறும்பு உள்ள போனாலும் உன் தோலை உரிச்சிடுவேன்." வண்டிக்குள் பார்த்தேன், நிஜமாகவே எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்பது மணி நேரப் பயணம். பயந்துபோய் வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தி சாக்பீஸ் வாங்கினேன். நாற்பது பெட்டிக்கும் உட்கார்ந்து பொறுமையாகக் கோடு போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நீ பார்த்தால் மெச்சுவாய் என்று நினைத்துக்கொண்டே போட்டேன்.

அங்கே இறக்கியபோது குழாயில் ஒன்றும் அசையவில்லை. வழியெல்லாம் மழை. குளிரில் சுருண்டிருக்கிறது, வெயில் பட்டால் எழுந்துகொள்ளும் என்று கள உதவியாளர் சொன்னார். நான் நம்பினேன். நம்ப வேண்டியிருந்தது. இயக்குநர் வந்திருந்தார், போட்டோக்காரர் வந்திருந்தார், முதல் குழாயைச் செடியில் கட்ட கயிறு தயாராக இருந்தது. கட்டினார்கள், கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அக்டோபரில் பூஜ்யம் வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். இயக்குநர் அந்தப் பூஜ்யத்தை அமைச்சகம் வரை கொண்டுபோய்விட்டார். இப்போது நான் வாயைத் திறந்தால் என் பதவி உயர்வு போவது ஒரு பக்கம், அவர் முகத்தில் கரி பூசியதாகவும் ஆகும். ஜூனில் என் பெயர் பட்டியலில் இருக்கிறது. பெட்டிகளை எரித்துவிடு அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆனால் நீ மட்டும் நியாயஸ்தலம் மாதிரி பேசாதே. எனக்கும் சொல்ல இருக்கிறது. அப்பாவைக் கொண்டுபோன மூன்றாம் நாள், வீட்டில் ஆட்கள் வந்துகொண்டிருக்கும்போதே, குளவி பொரிக்கிற நாள் என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவள் நீ. வந்தவர்கள் எல்லாரும் "உங்க அக்கா எங்கப்பா?" என்று என்னைத்தான் கேட்டார்கள். நான் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன். ஒரு எறும்புக்குப் பயந்து நான் கோடு போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். உனக்கு அந்தக் குளவிகள் எவ்வளவு பெரியவை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

தம்பி


மார்ச் 27

தம்பி,

அப்பா விஷயத்தை மூன்று வருஷமாக வயிற்றில் வைத்திருந்திருக்கிறாய். எழுதிவிட்டாய், நல்லது. நானும் எழுதிவிடுகிறேன்.

நூற்றுத் தொண்ணூறு குளவிதான் உயிரோடு இருந்தது என்றேனே, அவற்றின் முதல் பொரிப்பு அது. அந்த அறையைத் திறக்க அனுமதி இருந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். வெளிக்கதவைச் சாத்திவிட்டுத்தான் உள்கதவைத் திறக்க வேண்டும். நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம், குளவி வெளிச்சத்தைத் தேடிப் பறந்துவிடாமல் இருக்க அங்கே விளக்கு கிடையாது. அந்த இடத்தில் நின்று அப்பாவுக்காக அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் எண்ண ஆரம்பித்தேன். உன்னைத் தனியாக நிற்கவைத்தது தப்புதான். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

சாக்பீஸ் விஷயத்திலும் பாதி என் தலையில்தான். பெட்டியோடு போகிற குறிப்புத்தாளை எடுத்துப் பார்த்தேன். வெயிலில் வைக்காதே, குலுக்காதே, ஈரத்துணி போடு என்று பதினான்கு வரி எழுதியிருக்கிறேன். எறும்பு வராமல் பார்த்துக்கொள் என்றும் இருக்கிறது. எப்படி என்று இல்லை. பெட்டி வைக்கிற பலகையின் நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்ற திமிர், வேறொன்றும் இல்லை.

ஆனால் செய்த தப்பு வேறு, மறைத்த தப்பு வேறு. முதலாவதில் எனக்குப் பங்கு உண்டு. இரண்டாவது முழுக்க உன்னுடையது.

இனி இங்கே நடந்ததைக் கேள். அறையை ஒப்படைத்துவிட்டேன். ஆணைப்படி சுத்தமாக, காலியாக, சாவியோடு. மருந்து டப்பா அடுக்க வந்த அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"குளவியெல்லாம் அழிச்சாச்சாம்மா?"

"இல்ல."

"அப்ப எங்க?"

"இங்க இல்ல."

அவர் எழுதுவதா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுதுங்கள் என்று நானே சொல்லி எழுத வைத்தேன்.

இருபத்து மூன்று வீட்டில் இருக்கின்றன, தம்பி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வலைக்கூண்டு, உள்ளே தொட்டியில் மாவுப்பூச்சி பிடித்த இரண்டு மரவள்ளிச் செடி. முதல் கூண்டை வாங்கிக்கொண்டது மேட்டு வயல்காரம்மா. இரண்டு வருஷம் முன்னால் செடியெல்லாம் சுருண்டுபோய், பிடுங்கிப் போட்டுவிட்டு நகரத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று நின்றவர். குளவி விட்ட அடுத்த பருவம் கிழங்கு தோண்டினார். "அந்த ரூம்ல வளத்தா உங்க பூச்சி, என் வீட்ல வளந்தா என் பூச்சி. எந்த ஆபீசர் வந்து கேக்கறாங்கன்னு பாக்கறேன்" என்று கூண்டைத் தன் படுக்கையறை ஜன்னலில் வைத்துவிட்டார். புருஷனை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டதாகக் கேள்வி. கண்ணாடி சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

ஆணையை மீறினேன் என்று என் கையாலேயே எழுதித் தருகிறேன். வேலையைவிட்டு நீக்குவதென்றால் நீக்கு. நூலகத்தில் உட்கார்ந்து தூசி தட்ட நான் வர மாட்டேன்.

பெட்டிகளை எரிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை, காட்டவும் மாட்டேன். கண்ணாடியும் வாயைத் திறக்க மாட்டாள். உன்னைக் காட்டிக்கொடுத்துத்தான் என் குளவியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதை நான் செய்யப் போவதில்லை. என் கணக்கை வைத்துக்கொண்டு கூட்டத்தில் சண்டை போட்டுப் பார்க்கிறேன். தோற்றாலும் போகிறது. ஆனால் போட்டவன் நீ, சொல்ல வேண்டியவனும் நீ.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

கூட்டத்துக்கு நீ வராதே. வந்தால் வாசலிலேயே தற்காலிகப் பணிநீக்க ஆணையைக் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் இயக்குநர். அதையும் என்னிடம்தான் கையெழுத்துக்கு அனுப்பினார். என் மேஜையில் கிடக்கிறது. நான் போடவில்லை. பக்கத்து மேஜைக்காரர் போடட்டும் என்று அவரிடம் தள்ளினேன். அவரும் போடவில்லை, என்னைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளிவிட்டார். நான் போடாவிட்டால் அவர் போடுவார் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். கோடு போட்ட பெட்டியில் ஒன்று, அப்படியே, துடைக்காமல். உயிருள்ள குளவி ஐந்து குழாய். கண்ணாடியிடம் கொடுத்து அனுப்பு.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சக்கர டப்பாவுக்குப் போடுறத பூச்சி டப்பாவுக்கு ஏன்டா போட்ட?" என்று கேட்டாள். ஆறு மாதம் நான் பயந்த கேள்வி அதுதான். அவள் கேட்டபிறகு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

தம்பி


ஏப்ரல் 12

தம்பி,

கண்ணாடி இந்தக் கடிதத்தோடு நாளைக் காலை பஸ்ஸில் வருகிறாள். பெட்டி ஒன்று, குழாய் ஐந்து. குழாய்களை மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். உன் வீட்டில் மேஜையின் நான்கு காலுக்கும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அதன்மேல் வை. கொசுவர்த்தி கொளுத்தாதே. அம்மாவின் சாக்பீஸை எடுத்துப் பீரோவில் பூட்டு.

வேறு எழுதத் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போ. வெறும் வயிற்றில் உனக்குக் குரல் நடுங்கும்.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

கண்ணாடி வந்து சொல்லியிருப்பாள். ஆனால் அவள் வாசலுக்கு வெளியே நின்றவள், உள்ளே நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேற்குப் பிரிவு முடிவை வாசிக்கும் முறை என்னுடையது. வாசிக்கவில்லை. கைப்பையிலிருந்து நான்கு கிண்ணம் எடுத்துத் தண்ணீர் ஊற்றி, சின்ன நாலுகால் ஸ்டூலை மேஜைமேல் அவற்றில் நிறுத்தி, அதன்மேல் உயிருள்ள குழாய்களை வைத்தேன். பக்கத்தில் கோடு போட்ட பெட்டி. அதிலிருந்து ஒரு விரல் தூள் எடுத்து ஒரு குழாயின் வலைத்துணியில் தட்டினேன். "இருபது நிமிஷம் வேற பேசலாம்" என்றேன். யாரும் வேறு பேசவில்லை. எல்லாரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் தேவைப்படவில்லை. மற்ற நான்கு குழாயிலும் குளவிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

பிறகு சொன்னேன். என் வாயால், நான் என்று. கோடு போட்டேன், செத்தது தெரிந்தது, ஆறு மாதம் மறைத்தேன்.

இயக்குநர் மெதுவாகத்தான் கேட்டார். "நீங்க என்ன சொல்றீங்கன்னு உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது சார். நீங்க அமைச்சகத்துக்கு அனுப்பின பூஜ்யம் குளவியோடது இல்ல. என்னோடது."

குரல் நடுங்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன்.

இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். முடிவு இதுதான். ஜூலை 31 வரை மேற்குப் பிரிவில் மருந்தடிக்கக் கூடாது. திரும்பக் குளவி விட்டு எண்ண வேண்டும். நூறு கொழுந்தில் பத்திலாவது பழுப்புக் கூடு இருந்தால் திட்டம் தொடரும், உன் அறையும் திரும்பி வரும். இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது. என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கள அதிகாரியாக மேற்குப் பிரிவுக்கே மாற்றம். தண்டனை என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார் இயக்குநர். நானே கேட்டு வாங்கியிருப்பேன் என்று அவருக்குத் தெரியாது.

நாற்பது பெட்டி அனுப்ப முடியுமா? குறிப்புத்தாளில் பதினைந்தாவது வரி நான் எழுதுகிறேன்.

தம்பி


ஜூலை 5

அக்கா,

இங்கே என் அறை ஒரு உரக்கிடங்கின் மாடி. மேஜை ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று, பக்கத்துச் சுவரில் யாரோ விட்டுப்போன நாட்காட்டி. மே ஆறு அன்று பெட்டிகள் வந்தன. நாற்பதையும் நானே சுமந்து இறக்கினேன், நானே கட்டினேன். இந்த முறை யாரும் கை தட்டவில்லை.

நேற்றுவரை ஆறு ஊரில் மூன்றில் எண்ணி முடித்தேன். முதல் ஊரில் நூற்றுக்குப் பதினான்கு. இரண்டாவதில் ஒன்பது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவதில் இருபத்தொன்று. முதல் கூட்டைப் பார்த்தபோது அதில் ஓட்டை விழுந்திருந்தது, குளவி வெளியே போய்விட்டிருந்தது. வயல் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் களை பறித்துக்கொண்டிருந்தவர் "என்னாச்சு சார், தல சுத்துதா?" என்று தண்ணீர் கொண்டுவந்தார்.

ஆனால் எழுதுவது அதற்காக இல்லை. இன்று காலை மருந்து லாரி வந்துவிட்டது. ஜூலை 31 வரை கூடாது என்று குழு சொன்னதை மீறி, 'அவசர நிலை கருதி' என்று இயக்குநர் தனியாக ஒரு ஆணை போட்டிருக்கிறார். மூன்று ஊர்க் கணக்கு அவர் காதுக்கு எட்டிவிட்டது போல. எண்ணி முடிப்பதற்குள் அடித்துவிட்டால் எண்ண ஒன்றும் இருக்காது.

ஓடினேன். பள்ளி மைதானத்தில் கோடு போட வைத்திருக்கும் சுண்ணாம்புத் தூள் ஒரு மூட்டை கிடந்தது. அதை இழுத்துக்கொண்டு வந்து வயலுக்குப் போகிற வழியில், சாலைக்குக் குறுக்கே கோடு போட்டேன். பிறகு இன்னொன்று. மூலையில் வெட்டிக்கொண்டு. கை தானாக அப்படித்தான் போனது.

ஓட்டுநர் இறங்கி வந்தார். "இது என்ன சார் கோடு?"

"எல்லை."

"யாரு போட்டது?"

"நான்தான்."

"எனக்கு மேல ஆர்டர் இருக்கு சார். மத்தியானத்துக்குள்ள டேங்க காலி பண்ணணும்."

"எனக்கும் ஆர்டர் இருக்கு. பதினோரு பேர் கையெழுத்து போட்டது. ஏத்தறதா இருந்தா என்மேல ஏத்திட்டுப் போங்க."

களை பறித்தவரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். ஓட்டுநர் யாருக்கோ போன் போட்டார். பிறகு வண்டியைத் திருப்பினார். வியாழக்கிழமை இயக்குநரே லாரியோடு வருகிறாராம்.

வரட்டும். எனக்கு இன்னும் மூன்று ஊர் எண்ண வேண்டும், அவர் வரும்போது நான் வயலில்தான் இருப்பேன். குளவியைக் கொன்ற கையாலேயே அதைக் காப்பாற்ற முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் கோட்டை அழிக்க மாட்டேன்.

தம்பி


ஜூலை 7

தம்பி,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. என் பழைய அறைக்கு மருந்து டப்பா ஏற்ற வந்த லாரிக்காரன் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறாயே, உனக்கு நெஞ்சழுத்தம் அதிகம்தான். தபாலைவிடச் சீக்கிரமாக வந்துவிட்டது. இன்றே திரும்புகிறானாம், இதையும் அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். படித்துக் காட்டுமாறு மேட்டு வயல்காரம்மா அடம் பிடித்தார். படித்தேன். பாதியில் கண்ணாடி கையில் கொடுத்துவிட்டேன், மிச்சத்தை அவள் படித்தாள்.

முதல் வேலையாக அந்தச் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு குளவியோடு குழாயில் போட்டு ஒரு பகல் பார். சுண்ணாம்புதான் என்று மூட்டையில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. நீ போட்ட கோட்டை இனி நான் சோதிக்காமல் நம்ப மாட்டேன்.

இரண்டாவது ஊரில் ஒன்பது வந்ததற்குச் சாப்பிடாமல் இருந்தாயா? நூறு கொழுந்தையும் வரப்பு ஓரத்திலேயே எடுத்திருப்பாய். உள்ளே போய் எடு. பத்துக்குக் குறையாது.

வியாழக்கிழமை இங்கே பொரிக்கும் நாள். இருபத்து மூன்று வீட்டிலும் ஒரே நாளில் பொரிக்கப் போகிறது. மூன்று வருஷத்தில் நான் ஒரு பொரிப்பைக்கூடத் தவறவிட்டதில்லை, எதற்காக எங்கேயிருந்து எழுந்து வந்தேன் என்று உனக்குத் தெரியும். இந்தப் பொரிப்பைக் கண்ணாடி பார்த்துக்கொள்வாள். "நீங்க கெளம்புங்கக்கா, எனக்கு எண்ணத் தெரியும்" என்று என் பையை அவளே எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

நாளைக் காலை பஸ்ஸில் வருகிறேன். யாராவது "உங்க அக்கா எங்கப்பா?" என்று கேட்டால், பக்கத்தில்தான் நிற்கிறாள் என்று காட்டு.

அக்கா